ஒரு 55 அங்குலத் தொலைக்காட்சியும் திரைப்படத்தின் அகல உயரமும்

தொலைக்காட்சிப் பெட்டிகளைப் பற்றி எழுதப்படும் மதிப்புரைகளில் ஒளிர்வு எத்தனை நிட்ஸ், கறுப்பு எவ்வளவு ஆழம், வீடியோ கேம் ஆட உகந்ததா என்பவையெல்லாம் விரிவாக அலசப்படுகின்றன. ஒரு திரைப்படத்தை அது எடுக்கப்பட்ட அகல உயர விகிதத்திலேயே, அதாவது அதன் சரியான ஆஸ்பெக்ட் ரேஷியோவிலேயே, அந்தப் பெட்டி காட்டுகிறதா என்ற கேள்வியை மட்டும் பெரும்பாலும் எவரும் கேட்பதில்லை. இந்த மதிப்புரை அந்த ஒன்றை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. பார்வைக்கு எடுத்துக்கொண்டது நடுத்தர வகையைச் சேர்ந்த, 55 அங்குல, எல்.இ.டி. பின்னொளி கொண்ட 4கே பெட்டி. தயாரித்த நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை; நான் சுட்டப்போகும் குறைகள் வேறு பல நிறுவனங்களின் பெட்டிகளிலும் இருப்பவை என்பதால், ஒருவரை மட்டும் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படத்தை அதன் சொந்த வடிவில் காட்டும் ஆற்றல் இந்தப் பெட்டிக்கு முழுமையாக இருக்கிறது. ஆனால் அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து மாட்டிய நிலையில் அது அப்படிக் காட்டுவதில்லை. காட்ட வைப்பதற்கு வாங்குபவர் மெனுவுக்குள் இறங்கிச் சிறிது உழைக்க வேண்டியிருக்கிறது, அதுவும் ஒரு முறை உழைத்தால் போதாது.

திரைப்படங்களுக்கென்று ஒரே விகிதம் ஒருபோதும் இருந்ததில்லை. ஊமைப்படக் காலத்தில் 1.33:1 வழக்கத்தில் இருந்தது. ஒலித்தடத்துக்கும் ஃபிலிமில் இடம் ஒதுக்க வேண்டி வந்த பிறகு 1932இல் ஹாலிவுட் 1.37:1 என்பதைத் தரமாக வகுத்துக்கொண்டது. வீட்டுக்குள் நுழைந்துவிட்ட தொலைக்காட்சியோடு போட்டியிட 1953இல் சினிமாஸ்கோப் அகன்ற திரையைக் கொண்டுவந்தது. அந்த வகை பின்னாளில் 2.39:1 என்ற அளவில் நிலைபெற்றது. இடையில் 1.66:1, 1.85:1 ஆகியவை உண்டு. அண்மைக்கால இணையத் தொடர்கள் பல 2:1 விகிதத்தில் வருகின்றன. இத்தனை வடிவங்களையும் நம் வீட்டில் ஏற்றுக்கொள்ள வேண்டியது 16:9, அதாவது 1.78:1 என்ற ஒற்றைச் சட்டம். இந்த 16:9 ஒரு சமரசம். 1980களில் கெர்ன்ஸ் பவர்ஸ் என்ற பொறியாளர், அப்போது புழக்கத்திலிருந்த வடிவங்களை ஒரே பரப்பளவுள்ள செவ்வகங்களாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்து, எல்லாவற்றுக்கும் பொதுவாகப் பொருந்தும் நடுவான சட்டமாக இதைக் கண்டடைந்தார். ஆகவே எந்தப் படத்தைப் போட்டாலும் மேலும் கீழுமோ இடமும் வலமுமோ கொஞ்சம் திரை மிஞ்சத்தான் செய்யும். அந்த மிச்சத்தைக் கறுப்பாக விட்டுவிடும் வரை படத்துக்குக் கேடில்லை. அதையும் நிரப்பிக் காட்டப் பெட்டி முனையும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. (சட்டத்தையே மாற்றிப் பார்த்தவர்களும் உண்டு. 2009இல் ஃபிலிப்ஸ் 21:9 விகிதத்தில் 56 அங்குலப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தது. சினிமாஸ்கோப் படங்கள் அதில் பட்டையே இல்லாமல் நிறைந்தன. செய்தியும் விளையாட்டும் இருபுறமும் பட்டைகளோடு வந்தன. சில ஆண்டுகளில் அந்த வகை நின்றுபோயிற்று.)

சரியாக வருகிறதா என்பதைக் கண்டறிய விலையுயர்ந்த கருவி ஏதும் வேண்டாம், தையல் டேப் போதும். இந்தப் பெட்டியின் திரை 121.8 செ.மீ. அகலமும் 68.5 செ.மீ. உயரமும் கொண்டது. பழைய 4:3 படம் ஒன்று முழு உயரத்தையும் பிடித்துக்கொண்டு 91 செ.மீ.க்குச் சற்றே கூடுதலான அகலத்தில் நிற்க வேண்டும். இருபுறமும் 15 செ.மீ. அளவுக்குக் கறுப்பு தெரிய வேண்டும். 2.39:1 படம் முழு அகலத்தையும் எடுத்துக்கொண்டு 51 செ.மீ. உயரத்துக்குள் அடங்க வேண்டும். மேலும் கீழும் ஏறத்தாழ 9 செ.மீ. பட்டை. 1.85:1 படத்துக்கு மேலும் கீழும் ஒன்றரை செ.மீ.கூட வராத மெல்லிய கோடுகள்தான் தெரியும். அந்தக் கோடுகள் தெரியவில்லையென்றால் பெட்டி எதையோ வெட்டியிருக்கிறது அல்லது இழுத்திருக்கிறது என்று பொருள். இதிலிருந்து இன்னொன்றும் விளங்கும்: 55 அங்குலம் என்று வாங்கிய பெட்டி, 4:3 படத்துக்கு 45 அங்குலப் பெட்டிதான். பழைய படங்களை நிறையப் பார்ப்பவர்கள் பெட்டியின் அளவைத் தேர்ந்தெடுக்கும்போதே இதைக் கணக்கில் கொள்வது நல்லது.

இந்தப் பெட்டியை முதன்முறை இயக்கி, எச்.டி.எம்.ஐ. வழியாக ப்ளூரே இயக்கியை இணைத்து, விளிம்புகளைத் தொடும் அம்புக்குறிகளும் நடுவில் வட்டமும் கொண்ட சோதனைப் படத்தைப் போட்டேன். வட்டம் வட்டமாகவே இருந்தது. அம்புக்குறிகளின் முனைகளைத்தான் காணவில்லை. நான்கு பக்கங்களிலும் மெல்லிய ஒரு கீற்று திரைக்கு வெளியே தள்ளப்பட்டிருந்தது. இதற்கு ஓவர்ஸ்கேன் என்று பெயர். குழாய்த் திரை இருந்த காலத்தில் மின்னழுத்தம் ஏறி இறங்கும்போது படமும் சற்று விரிந்து சுருங்கும். அதன் ஓரம் கோணலாகத் தெரியாமலிருக்க, படத்தைத் திரையைவிடக் கொஞ்சம் பெரிதாகவே வரைந்தார்கள். தட்டைத் திரையில் ஒவ்வொரு புள்ளிக்கும் அதற்கென்று ஓர் இடம் இருக்கிறது; விரிவதும் சுருங்குவதும் இல்லை. காரணம் போய்ப் பல ஆண்டுகள் ஆன பிறகும் பழக்கம் மட்டும் தொழிற்சாலை அமைப்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதனால் ஓரம் மட்டுமா போகிறது? எஞ்சிய படத்தை இழுத்துத் திரையின் புள்ளிக் கட்டத்தில் மறுபடி நிரப்பும்போது கூர்மையும் குறைகிறது. பின்னால் நிற்கும் மனிதரின் சட்டைக் கோடுகள் ஒன்றோடொன்று கலங்குவதை வைத்தே இதைக் கண்டுகொள்ளலாம்.

ஓவர்ஸ்கேனை நிறுத்தும் அமைப்புக்கு நிறுவனத்துக்கு ஒரு பெயர். எல்.ஜி. பெட்டிகளில் ஜஸ்ட் ஸ்கேன் என்றும், சோனியில் ஃபுல் பிக்சல் என்றும், சாம்சங்கில் ஃபிட் டு ஸ்கிரீன் என்றும் இருக்கும். நான் பார்த்த பெட்டியில் அது செட்டிங்ஸ், படம், கூடுதல் அமைப்புகள், திரை அளவு என்று நான்கு படிகள் இறங்கிய பிறகு, பட்டியலின் கடைசி வரியாக ஒளிந்திருக்கிறது. ரிமோட்டில் இதற்கென்று பொத்தான் கிடையாது. ஓடிடி நிறுவனங்களுக்கு வரிசையாகப் பொத்தான் கொடுத்தவர்களுக்கு இதற்கு ஒன்று ஒதுக்க இடமில்லாமல் போனது வியப்புத்தான். அதை இயக்கியவுடன் நான்கு அம்புகளின் முனைகளும் திரையின் விளிம்பைத் தொட்டு நின்றன. சட்டைக் கோடுகளும் பிரிந்து தெரிந்தன.

திரை அளவு என்ற அந்தப் பட்டியலில் இன்னும் சில முறைகள் உண்டு. அவற்றுள் அதிகத் தீங்கு செய்வது, தொழிற்சாலையிலிருந்து வரும்போதே தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும் ஆட்டோ. பெயரைக் கேட்டால் படத்தின் விகிதத்தை அறிந்து அதன்படி காட்டும் என்றுதான் எவரும் எண்ணுவார். உண்மையில் அது கறுப்புப் பட்டையைத் தேடுகிறது. கண்டால் படத்தைப் பெரிதாக்கிப் பட்டையைத் திரைக்கு வெளியே தள்ளிவிடுகிறது. இதைச் சோதிக்க மிகப் பொருத்தமான படம் 2014இல் வெளிவந்த 'தி கிராண்ட் புடாபெஸ்ட் ஹோட்டல்'. கதை எந்தக் காலத்தில் நிகழ்கிறது என்பதற்கேற்ப 1.37, 1.85, 2.40 என மூன்று விகிதங்களை அது மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறது. அகன்ற காட்சி தொடங்கிச் சில நொடிகள் கழித்து ஆட்டோ முறை விழித்துக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிற்று. இரு ஓரங்களிலும் இருந்தவர்கள் திரைக்கு வெளியே போனார்கள். அடுத்து 1.37 காட்சி வந்தபோது பெட்டி பழைய நிலையிலேயே சிறிது நேரம் நின்றதால் தலைகள் நெற்றியோடு வெட்டுப்பட்டன. பிறகு திடீரென்று படம் சுருங்கிற்று. இருட்டான காட்சிகளில் இருளையே பட்டை என்று எண்ணி ஏமாறுகிறது. ஐமேக்ஸ் காமிராவில் எடுத்த காட்சிகள் மட்டும் திரையை நிறைக்கும்படி ப்ளூரேயில் வெளியான 'தி டார்க் நைட்' போன்ற படங்களுக்கும் இதே கதிதான். இயக்குநர் எண்ணி எண்ணிச் செய்த வடிவ மாற்றத்தைப் பெட்டி ஒரு கோளாறாக எடுத்துக்கொண்டு திருத்தப் பார்க்கிறது. ஆட்டோவை முதல் நாளே அணைத்துவிட வேண்டும்.

வைட் என்றொரு முறை இருக்கிறது. 4:3 படத்தை இது அப்படியே இழுப்பதில்லை. நடுப்பகுதியை ஓரளவு சரியாக வைத்துவிட்டு ஓரங்களை மட்டும் கூடுதலாக இழுக்கிறது. நின்ற இடத்தில் நின்று பேசும் முகத்துக்கு இது பெரிய குறையாகத் தெரியாது. காமிரா பக்கவாட்டில் நகரும் காட்சியில்தான் குட்டு வெளிப்படும். இடது ஓரத்தில் பருத்த உடலோடு நுழையும் ஒருவர் நடுத்திரைக்கு வரும்போது இளைத்து, வலது ஓரத்தை நெருங்கும்போது மறுபடி பருத்துவிடுகிறார். கதவு நிலைகளும் தூண்களும்கூட நகர நகர அகலம் மாறுகின்றன. இந்த முறையால் எந்தத் திரைப்படத்துக்கும் எந்தப் பயனும் இல்லை.

ஜூம் முறையை அப்படி ஒரேயடியாக ஒதுக்கிவிட முடியாது. பழைய டிவிடிகள் சிலவற்றில் அகன்ற படத்தை, மேலும் கீழும் பட்டை போட்டு, 4:3 சட்டத்துக்குள்ளேயே பதிந்திருப்பார்கள். இன்றைய பெட்டியில் அது நான்கு பக்கமும் கறுப்போடு நடுவில் சிறிய சன்னலாகத் தெரியும். ஜூம் முறை அகலத்தையும் உயரத்தையும் ஒரே அளவில், மூன்றில் ஒரு பங்கு கூட்டுவதால் வடிவம் கெடாமல் படம் திரையின் முழு அகலத்துக்கும் வந்துவிடுகிறது. தெளிவை எதிர்பார்க்கக் கூடாது. 576 வரிகள் கொண்ட டிவிடியில் 2.35:1 படத்துக்கு இந்த வகையில் கிடைப்பது ஏறத்தாழ 330 வரிகள்தான். சப்டைட்டில் கீழ்ப்பட்டையில் பதிந்திருந்தால் அது வெட்டுப்படாமலிருக்க இந்தப் பெட்டி படத்தைச் சற்று மேலே நகர்த்தவும் இடம் தருகிறது. இந்த வசதியைப் பாராட்டத்தான் வேண்டும்.

டிவிடி என்று வந்தபின் இயக்கியையும் ஒரு முறை பார்த்துவிட வேண்டும். டிவிடியில் பதிந்திருக்கும் படம் 720க்கு 576 அல்லது 720க்கு 480 புள்ளிகள். அதை 4:3 ஆகக் காட்டுவதா 16:9 ஆகக் காட்டுவதா என்பதை வட்டில் உள்ள ஒரு குறிப்பு சொல்கிறது. இயக்கியின் மெனுவில் டிவி வகை என்பது 4:3 என்றே விடப்பட்டிருந்தால், அந்தக் குறிப்பு எவ்வளவு சரியாக இருந்தாலும் பயனில்லை. பெட்டியைப் பழிப்பதற்கு முன் இதைச் சரிபார்ப்பது நலம்.

இந்தப் பெட்டியின் தலைசிறந்த அம்சமாக நான் கருதுவது விளம்பரத்தில் இடம்பெறவே வாய்ப்பில்லாத ஒன்று. எச்.டி. சிக்னல் வரும்போதும் 4:3 முறையைத் தேர்ந்தெடுக்க இது அனுமதிக்கிறது. எச்.டி. என்றாலே 16:9 என்று எடுத்துக்கொண்டு அந்தத் தேர்வைச் சாம்பல் நிறமாக்கிப் பூட்டிவிடும் பெட்டிகள் உண்டு. இதன் பயன் என்னவென்றால், சேனலோ செட்டாப் பாக்ஸோ ஒரு பழைய படத்தைத் திரை முழுக்க இழுத்து அனுப்பியிருந்தால், அதை நாம் திருப்பிச் சுருக்கிவிடலாம். 1440 புள்ளி அகலத்தில் நிற்க வேண்டிய படம் 1920க்கு இழுக்கப்பட்டிருக்கிறது. 4:3 முறை அதை மறுபடி 1440க்குக் கொண்டுவருகிறது. சப்பையாகக் கிடந்த முகங்கள் தம் நீளத்தைத் திரும்பப் பெறுகின்றன, வண்டிச் சக்கரம் மீண்டும் வட்டமாகிறது. கறுப்பு வெள்ளைப் படங்களை எச்.டி. சேனல்களில் பார்க்கும் பழக்கமுள்ளவர்களுக்கு இந்த ஒரு வசதிக்காகவே இந்தப் பெட்டியைப் பரிந்துரைப்பேன்.

இழுத்த படத்தைத்தான் இப்படி மீட்க முடியும். வெட்டிய படத்தை எந்தப் பெட்டியாலும் மீட்க முடியாது. 4:3 படத்தை 16:9 சட்டத்தில் நிறைக்க வெட்டினால் உயரத்தில் கால் பங்கு போகிறது. 2.39:1 படத்தை வெட்டினால் அகலத்தில் கால் பங்குக்குச் சற்று மேல் போகிறது. எதிரெதிர் ஓரங்களில் இருவரை நிறுத்தி நடுவில் வெறுமையை விட்டு எடுத்த காட்சியில், இருவரின் மூக்குகளும் அவர்களுக்கிடையே இருந்த மேசையும்தான் எஞ்சும். இதற்கு நன்கறியப்பட்ட சான்று 2019 நவம்பரில் டிஸ்னி பிளஸ் தொடங்கியபோது கிடைத்தது. 'தி சிம்ப்சன்ஸ்' கார்ட்டூன் தொடரின் பழைய பகுதிகள் 4:3இல் வரையப்பட்டவை. அவற்றை மேலும் கீழும் வெட்டி 16:9 ஆக அங்கே வெளியிட்டார்கள். ஒரு மது ஆலையில் மூன்று வெவ்வேறு பெயர்களில் பீர் நிரம்பும் காட்சி. மூன்று தொட்டிகளுக்கும் ஒரே குழாயிலிருந்துதான் பீர் வருகிறது என்பதே அங்கே நகைச்சுவை. அந்தக் குழாய் இருந்தது மேல்பகுதியில். வெட்டியதில் குழாய் போயிற்று, சிரிப்பும் போயிற்று. எதிர்ப்பு வலுத்ததால் 2020 மே மாதத்தில் பழைய விகிதத்திலேயே பார்க்கும் தேர்வு சேர்க்கப்பட்டது. எனவே ஒரு ஓடிடி செயலியில் படம் திரையை முழுவதும் நிறைத்து வந்தால் உடனே மகிழ்ந்துவிட வேண்டியதில்லை. அந்தப் படம் வெளியான விகிதம் எது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. திரையரங்கில் 1.85:1 ஆக மறைத்துக் காட்டுவதற்காக எடுத்த படங்கள் சிலவற்றில், ஃபிலிமில் மேலும் கீழும் கூடுதலாகப் படம் பதிந்திருக்கும். அந்த மறைப்பை நீக்கிய பிரதியில் வெட்டு ஏதும் இல்லை, அதிகமாகவே தெரியும். தெரிவதில் மேலேயிருந்து தொங்கும் ஒலிவாங்கியும் சில வேளை அடக்கம். கூடுதலாகத் தெரிகிறது என்பதால் அது சரியான வடிவம் ஆகிவிடாது.

ஃபிலிம்மேக்கர் மோட் இந்தப் பெட்டியில் உண்டு. யு.எச்.டி. அலையன்ஸ் என்ற கூட்டமைப்பு 2019இல் அறிவித்த இந்த முறை, அசைவுகளை வழவழப்பாக்குதல் போன்ற செயற்கைத் திருத்தங்களை நிறுத்துவதோடு, படத்தின் மூல விகிதத்தைக் காக்கவும் ஓவர்ஸ்கேனை அணைக்கவும் வேண்டும் என்பது அதன் வரையறையிலேயே இருக்கிறது. இங்கே அது சொன்னபடி நடந்துகொள்கிறது: அதைத் தேர்ந்தெடுத்த நொடியே ஆட்டோ விலகி அம்பு முனைகள் நான்கும் தெரிந்தன. நான்கு படிகள் இறங்கும் வேலை இதனால் மிச்சம். பகல் வெளிச்சம் நிறைந்த அறையில் இதன் படம் சிலருக்கு மங்கலாகப் படக்கூடும். அத்தகையோர் வேறு பட முறையில் இருந்துகொண்டு திரை அளவை மட்டும் கையால் மாற்றிக்கொள்ளலாம்.

பட்டைகளின் தரத்தைப் பற்றியும் ஒரு சொல். பின்னொளி உள்ள திரை ஆதலால் விளக்கணைத்த அறையில் இந்தப் பெட்டியின் பட்டைகள் முழுக் கறுப்பாக இருப்பதில்லை, அடர்ந்த சாம்பலாக ஒளிர்கின்றன. கீழ்ப்பட்டையில் சப்டைட்டில் தோன்றும்போது அந்த வரியைச் சுற்றி மட்டும் மெல்லிய வெளிச்சம் பரவி, வரி மறைந்ததும் அடங்குகிறது. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ந்து தானே அணையும் ஓ.எல்.இ.டி. திரையில் இந்தத் தொல்லை இல்லை; பட்டை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்றுகூடத் தெரியாது. பட்டையைப் பார்த்தாலே எரிச்சலாக இருக்கிறது என்பவர்களின் எரிச்சலில் பாதி இந்தச் சாம்பல் நிறத்தால் வருவது என்பது என் கணிப்பு. திரைக்குப் பின்னால் சுவரில் படும்படி மங்கலான வெள்ளை விளக்கு ஒன்றைப் பொருத்தினால் கண்ணுக்குப் பட்டை கறுப்பாகவே தோன்றும்.

குறைகள் என்று பார்த்தால் மூன்று எஞ்சுகின்றன. திரை அளவை ஒவ்வோர் இணைப்புக்கும் தனித்தனியே அமைக்க வேண்டும்; ப்ளூரேக்குச் செய்தது செட்டாப் பாக்ஸுக்குச் செல்லாது. பெட்டிக்குள்ளேயே இருக்கும் செயலிகளில் திரை அளவுப் பட்டியல் பூட்டப்பட்டுவிடுகிறது. செயலி அனுப்புவதை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். மூன்றாவதுதான் எனக்குப் பொறுக்க முடியாதது: பெட்டியின் மென்பொருள் புதுப்பிக்கப்பட்ட பிறகு ஓவர்ஸ்கேன் மீண்டும் பழையபடி இயங்கத் தொடங்கியிருந்தது. இதைப் பற்றி எந்த அறிவிப்பும் திரையில் வரவில்லை. இந்தப் பெட்டியை வாங்குபவர்கள் அந்தச் சோதனைப் படத்தை ஒரு பென் டிரைவில் போட்டு அருகிலேயே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு புதுப்பிப்புக்குப் பிறகும் யு.எஸ்.பி. இணைப்பில் மட்டுமன்றித் தாம் பயன்படுத்தும் எச்.டி.எம்.ஐ. இணைப்புகள் ஒவ்வொன்றிலும் திரை அளவு என்ன ஆயிற்று என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.